ஆளுக்கொரு வரிசை

வெறுந்தரையில் படுத்துத் தூங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவளும் முதலில் சிரித்தாள். கூரை கிடையாது, கட்டில் கிடையாது, கழிவறை கிடையாது. குளிரில் பல் தந்தியடிக்கும். கரடி வந்து சாப்பாட்டுப் பையை மோந்து பார்த்துவிட்டுப் போகும். இத்தனை வசதியும் உள்ள ஓர் இடத்தில் ஒரே ஒரு ராத்திரி தங்குவதற்கு ஊரே அடித்துப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. வனத்துறை மட்டும் லேசுப்பட்டதா? மேல் ஏரிக்கு ஒரு ராத்திரிக்கு இருபத்து மூன்று பேர்தான் என்று சொல்லிவிட்டது. அது என்ன இருபத்து மூன்று என்று கேட்கக்கூடாது. நிபுணர்கள் கூடிப் பேசி, டீ குடித்து, மறுபடியும் கூடிப் பேசிக் கண்டுபிடித்த எண் அது. இருபத்து நாலாவது ஆள் போனால் ஏரியை ஒரே மடக்கில் குடித்துவிடுவான் போலிருக்கிறது.

அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத அறை. "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று காலையிலிருந்து ஊரார் மூச்சுக்கெல்லாம் உத்தரவு போட்டுக்கொண்டிருப்பாள். வெளியே வெயிலா மழையா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மேல் ஏரியைப் பற்றி அவளுக்குச் சொன்னவர்கள் கால் உடைந்தவர்கள்தான். கோடை வந்தால் போதும், கணுக்கால் வீங்கியவர்களும் மணிக்கட்டு பிசகியவர்களும் சக்கர நாற்காலியில் வரிசையாக வருவார்கள். "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டால், "மேல் ஏரிக்குப் போற வழியில மேடம்" என்பார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பு. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த ஒருத்தராவது அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. முட்டி பெயர்ந்த ஒரு பெண், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே போனை நீட்டி, "இதப் பாருங்களேன்" என்றாள். சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், கரையில் ஒரு சின்ன டென்ட். வேறு யாரும் இல்லை. அந்த 'யாரும் இல்லை'தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

பிடிக்காமல் என்ன செய்யும்? அவள் வாழ்க்கைப்பட்டது அப்படிப்பட்ட வீடு. மாடியில் கணவனின் அண்ணன், அவர் மனைவி, காலேஜில் படிக்கும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அடுத்த தெருவில் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும். சமையலறை மட்டும் இந்தத் தெருவில். போதாக்குறைக்கு ஒரு நாய். ஆசைப்பட்டுக் கொண்டுவந்தது அண்ணன் பிள்ளைகள், ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் அதட்டுகிறதே என்று 'மேனேஜர்' எனப் பெயர் வைத்தது நாத்தனார். சோறு வைத்து, குளிப்பாட்டி, நடக்கக் கூட்டிப்போவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கணவனும் அவளும் மட்டுமாக இதுவரை எங்கேயும் போனது கிடையாது. தேனிலவுக்கே நாத்தனார் கூட வந்தாள். "எனக்கும் கடல் பாக்கணும்" என்றாளாம். படங்களில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாருக்குக் கல்யாணம் ஆனது என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்கள்.

"நாம ரெண்டு பேர் மட்டும். ஒரே ஒரு ராத்திரி. அது போதும் எனக்கு" என்று கணவனிடம் சொன்னாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். "மேல ஏறிப் போறது எனக்கென்ன புதுசா?" என்றான். நல்ல மனிதன். குரலை உயர்த்த மாட்டான். யார் என்ன கேட்டாலும் 'சரி' என்பான். அந்தச் 'சரி'யால்தான் அவள் பாடு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"சரி."

சொல்லாமல்தான் இருந்தான், பாவம். மலையேறும் பூட்ஸ் வாங்கி வந்த அன்று அண்ணன் "எதுக்குடா இது?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் கேட்டு மறைக்க முடியுமா? பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கு எங்கே ஓடிவிடப் போகிறது, வீட்டில்தானே இருக்கும்.

அன்று சாப்பாட்டு மேஜையிலேயே ஏரி குடும்பச் சொத்தாகிவிட்டது.

"நல்ல இடமாம். எல்லாருமா போயிட்டு வந்துடலாம்" என்றார் பெரியவர். வீட்டில் அண்ணனுக்கு அதுதான் பட்டம்.

"அத்தன பேருக்குக் கிடைக்காது மாமா. இருபத்து மூணு பேர்தான் ஒரு ராத்திரிக்கு. இணையதளம் திறந்த கொஞ்ச நேரத்துலயே காலியாயிடுமாம்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

பெரியவர் சிரித்தார். கிடைக்காது என்ற சொல்லை அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொல்லலாமா? வரிசையில் நிற்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். கடைக்குப் போனால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். ஆளுக்கொரு வரிசை. எது முதலில் நகர்கிறதோ அதற்கு எல்லாரும் தாவிவிடுவார்கள். ஆஸ்பத்திரி, டிக்கெட் கவுன்டர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், எல்லாம் இப்படித்தான். பின்னால் நிற்கிறவர்கள் திட்டுவது காதில் விழுந்தால்தானே? இதில் அவளுக்கு மட்டும் வரிசை கிடையாது. நடுவில் நின்று தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வது அவள் பங்கு.

"அண்ணா ஒண்ணு போடட்டும், நான் ஒண்ணு போடறேன். ரெண்டுலயும் எல்லார் பேரும் இருக்கட்டும். எது கிடைக்குதோ அதுல போயிடலாம்" என்றாள் நாத்தனார்.

நாத்தனாரைப் போல இல்லாமல் அவள் வனத்துறையின் விதிகளை வரி விடாமல் படித்திருந்தாள். "ஒருத்தர் பேரு ஒரே ராத்திரிக்கு ரெண்டு பர்மிட்ல இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. பேர் குடுக்கறவர் பேரே ரெண்டுல இருந்தா பர்மிட்டே ரத்தாகிடுமாம். கூட வர்றவர் பேரா இருந்தா அத மட்டும் அடிச்சிடுவாங்களாம்."

"அதெல்லாம் யாரு உக்காந்து பாக்கப் போறா அண்ணி? சும்மா பயமுறுத்தப் போட்டிருப்பாங்க."

"நாய்க்கு அனுமதி இல்லன்னு கூடப் போட்டிருக்கு."

இதற்கு மட்டும் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "ஐயையோ, அப்போ மேனேஜர?" என்றாள் ஓரகத்தி. பிறகு அவளே, "சரி, அத அப்பறம் பாத்துக்கலாம்" என்று ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

கணவன் தனியாக அகப்பட்டபோது அவள் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "அவங்க எப்படியோ போகட்டும். நமக்கும் லீவு அந்த ஒரே ராத்திரிதான், அதுக்கு நான் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தனியாப் போடறேன். உங்க பேர அவங்க எதுலயும் சேக்கவேணாம்னு சொல்லிடுங்க. சேத்தா நம்மளோடதுல உங்க பேரு போயிடும். புரியுதா?"

"சொல்லிடறேன்."

"எப்போ?"

"சொல்லிடறேன்னு சொல்றேன்ல."

அவள் பயிற்சியை ஆரம்பித்தாள். பெரிய முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஆஸ்பத்திரியின் மாடிப்படிகளில் ஏறி இறங்கினாள். முட்டி வலித்தது, மூச்சு வாங்கியது, பிறகு பழகியது. கணவனுக்கு இது தன் தொழிலுக்கே அவமானமாகப் பட்டது. "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டான். அவன் பூட்ஸ் அட்டைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

தளம் திறக்கிற காலையில் அவளுக்கு டியூட்டி. உள்ளே இருமல்காரத் தாத்தா ஒருவர் நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றார். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கையைப் பொத்தானிலும் மறு கையைப் போனிலும் வைத்திருந்தாள்.

"மூச்ச நல்லா இழுங்க ஐயா. அப்படியே பிடிங்க."

படம் எடுத்தாயிற்று. அதே நேரம் பார்த்துத் தளம் திறந்தது. போனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பெயர், அடையாள அட்டை எண், கணவன் பெயர், அவன் எண். வட்டம் சுற்றியது. தாத்தா முகம் சிவந்தது. அவள் கவனிக்கவில்லை. வட்டம் இன்னும் சுற்றியது. தாத்தா ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

"அடக் கடவுளே! விடுங்க, விடுங்க ஐயா!"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "நல்லா வந்துதாம்மா?"

"கெடச்சிடுச்சு ஐயா! ரெண்டுக்கும் கெடச்சிடுச்சு!"

"ரெண்டு நுரையீரலுக்குமா?" என்று அவர் கவலையோடு கேட்டார். படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்று சொல்லி அவரை உட்காரவைத்து, அவளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தனை வருஷ வேலையில் அவ்வளவு மரியாதை எந்த நோயாளிக்கும் கிடைத்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே அதைவிடக் கொண்டாட்டம். எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. பெரியவருக்குக் கிடைத்தது, நாத்தனாருக்கும் கிடைத்தது. ஊரில் மற்றவர்கள் எல்லாம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள் போலும். "நம்மகிட்டயா?" என்று பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டார். அவள் கணவனைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?" என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அது ஆமாமா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

போகிற நாளும் வந்தது. சீட்டை முந்தின நாளே மலையடிவார அலுவலகத்தில் நேரில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் கிளம்பியது. நாயும் ஏறிக்கொண்டது. "இத எங்க விடறது அக்கா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள் ஓரகத்தி. டென்ட், அடுப்பு, தூங்கும் பை எல்லாம் அவள் முதுகுப்பையில்தான் இருந்தன. கணவனுக்கு இடுப்புப் பிடிப்பாம்.

அலுவலகம் என்பது ஒரு பெரிய அறை. சுவர் முழுக்க மலையின் வரைபடம். மூலையில் கரடி உடைத்துத் திறந்த ஒரு டப்பாவை எச்சரிக்கைக்காக வைத்திருந்தார்கள். யாராவது கடைசி நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் கூட்டமாகப் பெஞ்சில் காத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் பல நாளாகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. மேஜைக்குப் பின்னால் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் அதிகாரி.

பச்சைச் சட்டை முதலில் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். சாப்பாட்டை இந்தக் கெட்டி டப்பாவில்தான் வைக்க வேண்டும். நெருப்பு மூட்டக்கூடாது. காலைக்கடனைத் தண்ணீரிலிருந்து தள்ளிப் போய்க் குழி தோண்டிக் கழிக்க வேண்டும். ஓரகத்தியின் முகம் அங்கேயே பாதி சுருங்கிவிட்டது. "குழிய நாமளேவா தோண்டணும்?" என்று பெரியவரின் காதைக் கடித்தாள்.

பிறகு பச்சைச் சட்டை எல்லாருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டிப் பார்த்தாள். தட்டத் தட்ட அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"நாளைக்கு ராத்திரி மேல் ஏரிக்கு மொத்தம் நாலு பர்மிட் போயிருக்கு. நாலும் உங்க குடும்பமா?"

"நாலா?" என்றாள் அவள். பெரியவருடையது ஒன்று, நாத்தனாருடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. கணக்கு இடித்தது.

"மூணுல அதே ஏழு பேர். திருப்பித் திருப்பி அதே ஏழு பேர். இன்னொண்ணுல ரெண்டு பேர். ஏரி மொத்தத்தையும் நீங்களே மடக்கிட்டீங்க. அங்க உக்காந்திருக்காங்களே, அவங்கள்லாம் ஒரு வாரமா இங்கயே கெடக்கறாங்க." பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"மூணும் ரத்து" என்றாள் பச்சைச் சட்டை. அவ்வளவுதான். பெரியவர் தமக்கு யார் யாரைத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தார். நாத்தனார் விதியைப் படிக்கவில்லை என்று அழுதாள், அவள் வீட்டுக்காரர் வரைபடத்தை வெகு கவனமாகப் படித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"நாலாவதுல உங்க கணவர் பேரு அடிபட்டுடுச்சு. அவரு எல்லாத்துலயும் இருக்காரு. உங்க பேரு மட்டும் இதத் தவிர வேற எதுலயும் இல்ல. அதனால உங்களோடது செல்லும். ஒருத்தருக்கு."

எதிலும் இல்லையா? எல்லார் பெயரையும் எல்லாரும் போட்டார்களே, அண்ணன் பிள்ளைகள், நாத்தனார் வீட்டுக்காரர் என்று ஒருத்தர் விடாமல்? அந்த ஏழு பேரை அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரியாக ஏழுதான் வந்தது. அவள் எட்டாவது.

"மூணாவது யாரு போட்டது?" என்று கேட்டாள்.

கணவன் பூட்ஸைப் பார்த்தான். "எதுக்கும் இருக்கட்டும்னு நானும் ஒண்ணு போட்டேன். அண்ணன்தான் சொன்னாரு."

"அதுல என் பேரு?"

"உன் பேருதான் உன்னோடதுல இருக்கே!" மிகவும் நியாயமான பதில் சொன்னவன் மாதிரி நிமிர்ந்தான்.

"உங்க பேரும்தான் என்னோடதுல இருந்துச்சு."

அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தான்.

ஓரகத்திக்கு மனசு கேட்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. தோளைத் தொட்டு, "நீ ஏன்டி முகத்த அப்படி வெச்சுக்கற? உன்ன விட்டுடுவோமா? உனக்கும் மேனேஜருக்கும் கீழ விடுதியில நல்ல ரூமாப் போட்டிருக்கேன். சுடுதண்ணியெல்லாம் வருது" என்றாள். எல்லாரும் தலையசைத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கணவனும் தலையசைத்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை, கத்தித் தீர்த்திருக்கலாம். இவர்கள் யாரும் அவளை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவள் நினைப்பே வரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கையில் நாயின் வார் இருந்தது. வேனிலிருந்து இறங்கியதிலிருந்தே அவள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அந்த ஒருத்தர் பேர எனக்கு மாத்திக் குடுத்துடுங்களேன். நானாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று பெரியவர் மேஜைமேல் சாய்ந்தார். தோல்வியிலும் ஒரு வரிசை நகர்கிறதா என்று பார்க்கிறவர் அவர்.

"மாத்த முடியாது. போகலன்னா திருப்பிக் குடுக்கலாம், அங்க இருக்கறவங்களுக்குப் போயிடும்." பச்சைச் சட்டை அவளைப் பார்த்தாள். "என்ன பண்றீங்க?"

"திருப்பிக் குடுத்துடு" என்றான் கணவன் மெதுவாக. "தனியா எப்படிப் போவ? அடுத்த வருஷம் எல்லாருமா சேர்ந்து..."

அந்த 'எல்லாருமா'வைக் கேட்டதும் அவள் அழுகையை மறந்து நிமிர்ந்தாள்.

"தனியாப் போகலாமா?" என்று பச்சைச் சட்டையைக் கேட்டாள்.

"தாராளமா. பாதை நல்லா இருக்கு, வானிலையும் நல்லா இருக்கு. வழியில எங்க ஆளுங்க இருப்பாங்க. இவங்களோடது ரத்தானதால அந்தப் பசங்களும் வருவாங்க. பொருளெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

பொருளா? டென்டும் அடுப்பும் தூங்கும் பையும் யார் முதுகில் இருக்கின்றன? வாழ்க்கையில் முதன்முறையாக, எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வந்ததற்காக அவள் சந்தோஷப்பட்டாள். "எல்லாம் இருக்கு" என்றாள். கணவனின் தூங்கும் பையை உருவி எடுத்து அவன் தோளில் போட்டாள். பை பாதி லேசாகிவிட்டது. நாயின் வாரை அவன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"ஏய், இது காலையில என்ன சாப்பிடும்?"

"பசிச்சா கொலைக்கும். அப்போ எதையாவது வெச்சுப் பாருங்க."

பின்னால் பெஞ்சில் ஒரே கைதட்டல். ரத்தான இடங்களை வாங்கிக்கொள்ள இளைஞர்கள் ஒரே வரிசையாக, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நின்றார்கள். நாத்தனார் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

தன் சீட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள். சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"ஏதாவது அவசரம்னா கீழ யாருக்குத் தகவல் சொல்லணும்?" என்று பச்சைச் சட்டை கேட்டாள்.

அவள் கணவனின் பெயரையும் போன் எண்ணையும் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன உறவு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தோளில் தூங்கும் பை, காலில் புத்தம்புது பூட்ஸ். மேனேஜர் அவனை வாசல் பக்கமாகத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டு நாயப் பாத்துக்கறவர்" என்றாள்.

பச்சைச் சட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.